உடுக்கை கடையும் கை

குறி சொல்லிப் பேயோட்டும் கோடாங்கி உடுக்கையைக் கையில் எடுத்தால் தென்காசிப் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் பிள்ளைகள் அம்மாவின் முந்தானையைத் தேடும். பேய், பில்லி, செய்வினை எல்லாவற்றுக்கும் அந்தச் சத்தமே அடையாளம். அதே உடுக்கைதான் சுடலைமாடன் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் வில்லுக்குப் பக்கத்தில் முழங்கி, சாமியை அழைக்கும் வரத்துப்பாட்டில் சாமியாடிக்கு அருள் ஏற்றுகிறது.

வில்லிசைப் புலவர் ஒருவர் சொல்லி உடுக்கை செய்யும் ஒரு கடைசல் பட்டறைக்குப் போனேன். அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் பிறப்பதும் இத்தகைய கடைசலில்தான். இங்கே ஓர் அண்ணாச்சி, அப்பாவிடம் கற்ற கையோடு, பலாக்கட்டையில் உடுக்கை கடைகிறார்.

"வெளிய கடையுதது பாதி வேலதான். உள்ள குடையுததுலதான் சத்தம் இருக்கு தம்பி."

இடை ஒடுங்க வேண்டும், இரு வாயும் விரிய வேண்டும். உளி சற்றே தவறினால் கட்டை அடுப்புக்குத்தான். ஆட்டின் இரைப்பையிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வை வளையங்களில் ஒட்டி, இரண்டு வளையங்களையும் நூலால் இழுத்துக் கட்டுகிறார்கள். அடிப்பவரின் இடது கை இடையில் இருக்கும். நூலை அழுத்தினால் சவ்வு இறுகிக் குரல் ஏறும், விட்டால் இறங்கும். பேயே அழுவதாக ஊர் நம்பும் அந்த விம்மல், இந்த அழுத்தலில் பிறப்பது. எத்தனை நுட்பமான கருவி! இதைச் செய்பவரை ஏன் யாரும் கலைஞர் என்று அழைப்பதில்லை?

கருவியைச் செய்தவரை மறப்பதும், பக்கத்துக் குற்றாலத்துக்குக் குறி சொல்லும் மரபோடு உள்ள உறவும் புதியவை அல்ல. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில் சிங்கி என்னும் குறத்தி குறி சொல்ல வருகிறாள். அவள் கையிலுள்ள மாத்திரைக்கோலை யாரும் மறக்க மாட்டார்கள். அந்தக் கோலைச் செதுக்கியவன் யாரென்று இலக்கியம் கேட்டதில்லை.

கொடைக்காலம் நெருங்கினால் வியாபாரி வருகிறார், பேரம் பேசி மொத்தமாக அள்ளிப் போகிறார். கடையில் உடுக்கை என்ன விலைக்குப் போகிறது என்பது கடைந்தவருக்கே தெரியாது. பித்தளை உடுக்கை வந்தபின் மரத்துக்குக் கேட்பும் குறைந்துவிட்டது. பித்தளை உழைக்கும், பலாவின் கனிந்த நாதம் அதற்கு வராது.

விலையைத் தாண்டி உடுக்கைக்கு இன்னொரு பழியும் உண்டு: பேயோட்டும் சடங்கில் அதோடு பிரம்பும் வருகிறது. பிரம்பை நியாயப்படுத்த வழியே இல்லை. மனம் பேதலித்தவருக்கு வேண்டியது மருத்துவர். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி பிடித்த தீயில், சங்கிலியில் கட்டி வைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அடியும் சங்கிலியும் ஒழியட்டும். அவற்றோடு சேர்த்து உடுக்கையையும் மூடநம்பிக்கை என்று தூக்கி எறிவது, மரத்தில் நாதம் கண்ட கைக்குச் செய்யும் அநியாயம்.

தஞ்சாவூர் வீணை 2013இலும் நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022இலும் புவிசார் குறியீடு பெற்றன. பெருங்கோயில் வாசலுக்கு வெளியே ஒலிக்கும் உடுக்கைக்கும் அந்த மதிப்பு வேண்டும். அதற்கு முன்னால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொடைக் கமிட்டிக்காரர்களே, வில்லிசைக் குழுவினரே, அடுத்த உடுக்கையைக் கடைந்தவர் கையிலிருந்தே வாங்குங்கள். அவர் சொல்லும் விலையைக் கொடுங்கள்.