மின்கலப் பெட்டியும் பள்ளியின் வழங்கியும்



கைப்பிடி வைத்த மின்கலப் பெட்டிகளை இப்போது கடைகளில் பரவலாகக் காணலாம். 'பவர் ஸ்டேஷன்' என்று பெரிய பெயர். உள்ளே லித்தியம் மின்கலமும், அதன் மின்சாரத்தைச் சுவர் மின்சாரம் போல் மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் இருக்கும். வெளியே பிளக் செருகும் துளைகளும், சூரியத் தகட்டை இணைக்க ஒரு துளையும் உண்டு. பள்ளி வழங்கிக்கு, அதாவது செர்வருக்கு, இப்படி ஒன்றை வாங்கிவிட்டால் மின்தடைக் கவலை தீரும் என்று எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச்சு எழுந்துள்ளது. தமிழ் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். சிறிய பள்ளியில் கணினி அறையின் சாவி எவரிடம் உள்ளதோ அவரே பொறியாளர்!

அந்த வழங்கியில் புள்ளிப் பட்டியல்கள் மட்டும் இல்லை. மாணவர்கள் தம் தாத்தா பாட்டிகளிடம் பதிவு செய்து வந்த தோட்டத்துக் கதைகளும் உள்ளன. விடியுமுன் பெரட்டுக்கு நின்றது, பால்மரம் வெட்டியது, தோட்டம் விற்கப்பட்டு வெளியேறியது என எல்லாம் அவர்கள் குரலிலேயே இருக்கின்றன. ஒவ்வொரு நள்ளிரவும் அன்றைய கோப்புகள் வேறொரு வட்டுக்கு நகலாகும். சென்ற ஆண்டு ஒரு மாலை இடிமழையில் மின்சாரம் நின்றபோது, வழங்கி எழுதிக்கொண்டிருந்த கோப்புகள் சிதைந்தன. ஒலிப்பதிவுக் கருவியோ அடுத்த மாணவருக்காக அதற்குள் துடைக்கப்பட்டிருந்தது. இரு பதிவுகள் போயின. ஒரு பாட்டி மனமுவந்து மீண்டும் பேசிக் கொடுத்தார். மற்றவர் ஒரு தாத்தா. இரண்டு மாதங்களில் காலமாகிவிட்டார்.

ஆகவே கணக்கைக் கவனமாகப் பார்த்தேன். 1000 வாட்மணிப் பெட்டியில் மாற்று இழப்பு போக ஏறத்தாழ 850 வாட்மணி கிடைக்கும். எங்கள் வழங்கியும் ரௌட்டரும் சேர்ந்து 80 வாட் இழுக்கின்றன. எனவே பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் தீபகற்பம் முழுவதும் இருண்டதே, அத்தகைய நாள்கள் அரியவை. எங்கள் பகுதியில் மின்தடை பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஆனால் பதிவுகளைக் காப்பது பத்து மணி நேரமன்று. மின்சாரம் போகும் அந்த நொடியும், ஒழுங்காக அணைவதற்கு வேண்டிய இரண்டு மூன்று நிமிடங்களுமே. சுவர் மின்சாரம் நின்றதும் தன் மின்கலத்துக்கு மாற, இத்தகைய பெட்டிகள் பல 10 முதல் 30 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்கின்றன. கணினியின் மின்வழங்கி முழுச் சுமையில் தாக்குப்பிடிப்பதோ 16, 17 மில்லி விநாடி அளவுதான். சுமை குறைந்தால் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். பிழைத்தாலும் பிழைக்கலாம், அணைந்தாலும் அணையலாம். பாட்டியின் குரலை அந்த வாய்ப்பின் கையில் ஒப்படைக்க எனக்கு மனமில்லை. மேலும், "மின்கலம் தீரப்போகிறது, அணைந்துகொள்" என்று வழங்கிக்குச் சொல்லும் கம்பி பல பெட்டிகளில் இல்லை. பெட்டி காலியானால் பழைய கதைதான். சில மணி நேரம் தள்ளிப்போகும், அவ்வளவே.

நாம் பழைய பொருளென்று ஒதுக்கும் யூ.பி.எஸ்.ஸில் அந்தக் கம்பி உண்டு. சுவரிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து யூ.பி.எஸ்., அதிலிருந்து வழங்கி என இணைத்தால் பெட்டி மாறும் இடைவெளியை யூ.பி.எஸ். நிரப்பும். பெட்டி முற்றிலும் தீர்ந்த பிறகே யூ.பி.எஸ். தன் மின்கலத்துக்கு மாறும். அப்போது வழங்கிக்குச் செய்தியும் போகும். பெட்டி தூய சைன் அலை மின்சாரம் தருவதாக இருக்க வேண்டும். இல்லாவிடில் சில யூ.பி.எஸ்.கள் அதை ஏற்பதில்லை.

சூரிய ஒளியைப் பற்றியும் ஒரு சொல். அட்டைப் பெட்டியில் சூரியன் படம் இருந்தால் உள்ளே தகடு இருக்கிறது என்று பொருளன்று. பெரும்பாலும் அதற்குத் தனி விலை. நம் நாட்டில் பகல் பன்னிரண்டு மணி நேரமாயினும், முழு வலிமையான வெயிலாகக் கணக்கிட்டால் நான்கைந்து மணி நேரமே தேறும். 100 வாட் தகடு நல்ல நாளில் 300, 400 வாட்மணி தரலாம். எங்கள் வழங்கி ஒரு நாளைக்கு விழுங்குவது 1920. பிற்பகல் மேகம் திரண்டுவிட்டால் அந்த 300உம் கனவு. தகட்டை நம்பி வழங்கியை ஓட்ட இயலாது.

வாங்குவதாயின் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையையே நான் பரிந்துரைப்பேன். வெப்பத்தை ஓரளவு நன்கு தாங்கும். ஆயிரக்கணக்கான முறை மின்னேற்றலாம். ஆயினும் மின்தடையில் அறையின் குளிரூட்டியும் நின்றுவிடும். மூடிய அறையில் வழங்கியைப் பத்து மணி நேரம் ஓட்டுவது எதற்கு? இரவு எட்டு மணிக்குப் பள்ளியில் புள்ளிப் பட்டியல் பார்ப்பவர் எவருமில்லை.

செயலவைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: இம்மாதம் யூ.பி.எஸ்.; சில ஆயிரம் ரிங்கிட் மிஞ்சினால் அடுத்த ஆண்டு பெட்டி. ஒலிப்பதிவுக் கருவியை மறுநாள் காலை நகலைக் கேட்டுப் பார்த்த பின்னரே துடைக்கிறோம். அது மட்டும் சென்ற ஆண்டிலிருந்தே நடப்பில் உள்ளது.