கடல் காணாத மலையும் கடற்புயலும்



புயல் என்றதும் நாகூரும் கடலூரும் பரங்கிப்பேட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கடலிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் புயலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். கல்வராயன் மலைக்கு ஒருமுறை சென்று வாருங்கள், விடை கிடைக்கும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே சென்றால் மலையடிவாரத்தில் கோமுகி அணை. அதைக் கடந்தால், வளைந்தேறும் சாலை வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் இட்டுச் செல்லும். சாமையும் மரவள்ளியும் விளையும் சரிவுகள். மேகம், பெரியார் முதலிய அருவிகள். மலையாளி எனப்படும் பழங்குடி மக்களே இங்குப் பெரும்பான்மையோர். மழை வலுத்தால் ஓடைகள் பெருகும். ஊருக்கு ஊர் வழி அடைபடும்.

2024-ஆம் ஆண்டின் ஃபெஞ்சல் புயலை எண்ணிப் பாருங்கள். அப்பெயரைத் தந்தது சவூதி அரேபியா. வலுவிழந்தே கரையேறும் என்று கருதப்பட்ட அது, புயலாகவே உருவெடுத்து, நவம்பர் 30 இரவு புதுச்சேரியருகே கரை கடந்தது. கடந்த பின்னும் பல மணி நேரம் நகராமல் நின்றது. பிறகு மேற்கே நகர்ந்தபோது, கடலையே காணாத ஊர்களில் மழை கொட்டியது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர்! சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,60,000 கன அடிக்கும் மேல் நீர் வெளியேற, கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர் வழியே தென்பெண்ணை கரைபுரண்டோடியது.

தரையேறிய புயலின் காற்று தணியும். அது சுமந்து வந்த ஈரம் உடனே தீர்ந்துவிடாது. மலையில் மோதி மேலெழும் ஈரக்காற்று குளிர்ந்து மழையாகிறது. எந்தச் சரிவில் எவ்வளவு பொழியும் என்பதை வானிலை அறிஞரும் முன்கூட்டியே அறுதியிட்டுச் சொல்ல இயலாது. "புயல் கரை கடந்தது" என்று கேட்டுக் கடற்கரையார் பெருமூச்சு விடும் நேரமே, மலையடிவாரத்தாரின் கவலை தொடங்கும் நேரம்.

ஆதலால், மலை காணச் செல்லும் குடும்பத்தார் புயலுக்குப் பின்னும் சில நாட்கள் பொறுத்திருங்கள். பெருகிய ஓடையில் வாகனத்தை இறக்காதீர்கள். அருவி நீர் திடீரெனக் கலங்கினால், பிள்ளைகளை உடனே கரையேற்றுங்கள். ஆற்றோரம் வாழ்வோர், வானம் வெளுத்திருந்தாலும் அணை திறப்பு அறிவிப்பைப் புறக்கணிக்க வேண்டாம்.

கல்வராயனில் பிறக்கும் கோமுகி, மணிமுக்தா ஆறுகளின் நீர் வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையருகே கடலை அடைகிறது. கடல் அனுப்பிய மழையை மலை திருப்பி அனுப்புகிறது. புயல் நாளில் கரையோர உறவினரை நலம் விசாரிக்கும் நாம், மறுநாள் மலையடிவாரத்தாரையும் விசாரிப்போமாக!