அடைக்கலம் எனும் அமானிதம்



எல்லை கடந்து ஒருவர் வந்தால் விருந்தாளி என்கிறோம். ஓராயிரம் பேர் வந்தால் அகதிகள் என்கிறோம். இலட்சம் பேர் வந்துவிட்டாலோ பிரச்சினை என்கிறோம். வந்தவர்களின் துயரம் என்னவோ ஒன்றுதான்.

1983 ஜூலைக் கலவரத்தையடுத்து இலங்கைத் தமிழர்கள் படகேறி வந்தபோது தமிழகம் அவர்களை அரவணைத்தது. முகாம்களில் குடியமர்த்தி உணவுப் பொருளும் உதவித் தொகையும் வழங்கியது. 1991இல், பூவிருந்தவல்லியிலிருந்து சிறிது தொலைவிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் காற்று திசைமாறிற்று. 1992இல் அகதிகளைத் திருப்பியனுப்பத் தொடங்கினர். செல்வோர் மனமொப்பிச் செல்கிறார்களா என்றறிய ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. சந்தேகத்திற்குள்ளானோரை அடைத்துவைக்கும் சிறப்பு முகாம் ஒன்று நம் பூவிருந்தவல்லியிலேயே பல்லாண்டுகள் இயங்கியது. அவ்வழியே செல்லும்போதெல்லாம் என் நெஞ்சம் கனக்கும்.

அணைப்பும் விலக்கலும் ஏன் இவ்வளவு விரைவில் இடம் மாறின? இரண்டுமே அரசாணைகளால் நிகழ்ந்தவை; உரிமையாக எதுவும் தரப்படவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச்சட்டமும் இங்கில்லை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழருக்கும் இடமில்லை, முஸ்லிம்களுக்கும் இடமில்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து 2025இல் விலக்களிக்கப்பட்டது. அது ஆறுதலே, ஆனால் குடியுரிமை அன்று. முகாமிலேயே பிறந்து, வேறு மண்ணையே காணாத பிள்ளைகளுக்கு நாம் என்ன விடை சொல்வது?

“1990 அக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்களே, இவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?” என்று நம்மவர் சிலர் கேட்பதுண்டு. அது மறக்கவொண்ணாக் கொடுமைதான். உடுத்த துணியோடு புத்தளம் சேர்ந்தவர்களின் வேதனையை அறிந்த சமுதாயமன்றோ நாம்! ஆயுதம் ஏந்தியோர் செய்த பாவத்தை, ஆயுதத்துக்கு அஞ்சி ஓடிவந்த ஏழைகள்மீது சுமத்துவது நீதியாகாது.

மதரஸாவில் அபிசீனிய ஹிஜ்ரத்தைப் பாடம் நடத்தியபோது ஒரு மாணவர், “ஹஜ்ரத், அவர்களிடம் பாஸ்போர்ட் கேட்கவில்லையா?” என்று வினவினார். வகுப்பே சிரித்தது. நஜாஷி மன்னர் கேட்டது வேறு. அடைக்கலம் புகுந்தோரைத் திருப்பித் தருமாறு குறைஷியர் பரிசுகளோடு தூதனுப்பினர். மன்னரோ வந்தவர்களின் சொல்லையும் செவிமடுத்தார். அதன் பின்னரே அவர்களை ஒப்படைக்க மறுத்தார்.

எல்லையைக் காப்பது அரசின் கடமை; அதை மறுப்பாரில்லை. ஆனால் அனுப்புமுன் ஒவ்வொருவரின் சொல்லையும் கேட்கும் சட்டமொன்று வேண்டும். இரக்கம் பருவத்துக்குப் பருவம் மாறும். அடைக்கலமோ அமானிதம், அதைச் சட்டத்தின் காவலில் வைப்பதே முறை.