ஊதுவதும் உறிஞ்சுவதும்

பணி ஓய்வுக்குப் பிறகு எனக்குப் பிடித்துப் போன சங்கீதங்களில் ஒன்று ப்ளூஸ். இதைச் சொன்னால் வாக்கிங் நண்பர்கள் சிரிக்கிறார்கள். இங்கிலீஷ் ஒப்பாரி என்று ஒருவர் பெயரே வைத்துவிட்டார். ஒருவகையில் அது பொருத்தம்தான். அமெரிக்காவின் தென்பகுதியில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு அது. அவர்கள் பிழைப்பு தேடி ரயிலேறி வடக்கே சிகாகோவுக்கு வந்தபோது பாட்டும் கூடவே வந்தது. மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியிலிருந்து 1943இல் வந்தார். நகரத்துச் சத்தத்தில் சாதாரண கிட்டார் எடுபடவில்லை, மின்சார கிட்டாருக்கு மாறினார்.

என்னை இழுத்தது மவுத் ஆர்கன். என் வயதுக்காரர்களில் பாதிப் பேராவது பள்ளி நாட்களில் ஒன்று வைத்திருப்போம். நாமெல்லாம் ஊதுவதையே பிரதானமாக வைத்து சினிமாப் பாட்டு வாசித்தோம். ப்ளூஸ்காரர்கள் உறிஞ்சுவதைப் பிரதானமாக்கினார்கள். ஒரு கட்டை ஆர்கனை எடுத்து ஐந்து கட்டை சுருதியில் வாசிப்பார்கள். உறிஞ்சும்போது நாக்கையும் தொண்டையையும் கொஞ்சம் மாற்றினால் ஸ்வரம் வளைந்து கீழே இறங்கும். பத்தே துளை உள்ள அந்தத் தகரப் பெட்டி அழ ஆரம்பிக்கும்.

அப்படி அழ வைத்தவர்களைத் தேடிக் கேட்டபோதுதான் பால் பட்டர்ஃபீல்டு என்ற பெயர் அகப்பட்டது. வெள்ளைக்காரர். 1942இல் பிறந்தவர். அப்பா வக்கீல், அம்மா ஓவியர், வீடு சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில். சின்ன வயதில் அவர் கற்றது மேற்கத்திய சாஸ்திரிய புல்லாங்குழல், அதுவும் சிகாகோ சிம்பொனியின் வித்வான் ஒருவரிடம்! அதை விட்டுவிட்டு, ஊரின் தென்பகுதியில் கறுப்பர்கள் மட்டுமே போகும் கிளப்புகளில் இரவு இரவாக உட்கார்ந்து லிட்டில் வால்டரையும் மடி வாட்டர்ஸையும் கேட்டிருக்கிறார். மவுத் ஆர்கனைத் தலைகீழாகப் பிடித்துத்தான் வாசிப்பார், கீழ் ஸ்வரங்கள் வலது பக்கம் இருக்கும்படி. பக்கத்தில் வாத்தியார் இருந்திருந்தால் முதல் நாளே திருப்பி வைத்திருப்பார்.

அவரோடு சேர்ந்த எல்வின் பிஷப் ஓக்லஹோமாவில் வளர்ந்த பையன். அந்த ஊரில் ரேடியோவில் ராத்திரி நேரம் தூரத்து நிலையங்களிலிருந்து வந்த பாட்டுதான் அவருக்கு குரு. ஸ்காலர்ஷிப்பில் இயற்பியல் படிக்க 1960இல் சிகாகோ வந்தார். இயற்பியல் எங்கே போனது என்று கேட்காதீர்கள்.

இவர்களுக்குத் தாளமும் அடித்தளமும் கொடுத்த இருவர் கறுப்பர்கள். டிரம்ஸ் சாம் லே, பேஸ் கிட்டார் ஜெரோம் அர்னால்டு. இருவரும் ஹவ்லின் உல்ஃப் என்ற சிங்கத்திடம் வாசித்துக்கொண்டிருந்தவர்கள். ஜெரோமின் அண்ணன் தம்பிகளில் பில்லி பாய் அர்னால்டு பெயர் பெற்ற மவுத் ஆர்கன்காரர். சாம் லே அலபாமாவில் பிறந்தவர். அவருடைய ஓட்டமான இரட்டை நடை, சர்ச்சில் ஜனங்கள் கைதட்டிப் பாடும் நடையிலிருந்து எடுத்தது. எனக்கு இந்தக் குழுவில் மிகவும் பிடித்தவர் அவர்தான். மற்றவர்கள் துள்ளும்போது பின்னால் அவர் கை அசையாமல் வண்டியை இழுத்துப் போகிறது. கூடுதல் சம்பளம் கிடைக்கிறது என்று இருவரும் உல்ஃபை விட்டுப் பட்டர்ஃபீல்டிடம் வந்தார்கள். சம்சாரிகள், வேறென்ன செய்வார்கள்?

பிறகு வந்தவர் மைக் புளூம்ஃபீல்டு. ஹோட்டல்களுக்குப் பாத்திரம் பண்டம் செய்து விற்கும் பணக்கார யூதக் குடும்பத்துப் பிள்ளை. அப்பாவின் தொழிலில் மனம் ஒட்டவில்லை. வயதான ப்ளூஸ்காரர்களைத் தேடிப் பிடித்து காபிக் கடையில் கச்சேரி வைத்துக்கொண்டிருந்தார். கடைசியாக ஆர்கன் வாசிக்க மார்க் நாஃப்டலின். மினியாபொலிஸ் நகர மேயரின் மகன், நியூயார்க்கில் இசைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். ஆக, 1965இல் முதல் தட்டு வெளிவந்தபோது ஆறு பேருக்கும் ஆறு வேர்.

இதை நான் இவ்வளவு விவரமாகத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. நண்பர் ஒருவரின் பேத்தி தவில் கற்க வேண்டும் என்கிறாள். பத்து வயது. வீட்டில் யாரும் சம்மதிக்கவில்லை. "அது பரம்பரையாக வர வேண்டியது சார், ரத்தத்தில் இருக்கணும். நமக்கெதற்கு?" என்று நண்பர் என்னிடமே சொன்னார். அந்தக் குழந்தையைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை? ஆனால் சாம் லேயைப் பற்றியும் பட்டர்ஃபீல்டைப் பற்றியும் அவரிடம் சொல்லலாம் அல்லவா, சொன்னேன். அவர் சும்மா விடவில்லை. "அதெல்லாம் சரி, அந்தக் கறுப்பு வித்வான்களுக்கு என்ன கிடைத்தது?" என்றார்.

நியாயமான கேள்வி. வெள்ளைப் பையன்களுக்கு வடபகுதி கிளப்பும் பெரிய கம்பெனி ஒப்பந்தமும் வந்த காலத்தில், அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அதே பழைய கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். 1965 நியூபோர்ட் விழாவில் இந்தக் குழுவை அறிமுகம் செய்த ஆலன் லோமாக்ஸ், இவர்களுக்கு ப்ளூஸ் வருமா என்ற தொனியில் பேசினார். கறுப்பர் பாட்டைக் காடு மேடெல்லாம் அலைந்து பதிவு செய்தவர் அவர், அவருக்கு வலித்திருக்கும். குழுவின் மேனேஜராகப் போகிறவர் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை, இருவரும் புழுதியில் கட்டிப் புரண்டார்கள். வேட்டி மட்டும்தான் இல்லை, மற்றபடி நம் ஊர் சபாச் சண்டைதான்.

நண்பரை அசைத்தது வேறொன்று. 1966இல் இந்தக் குழு வாசித்த 'ஈஸ்ட் வெஸ்ட்' 13 நிமிட உருப்படி. சாம் லே உடம்புக்கு முடியாமல் விலக, ஜாஸில் பழகிய பில்லி டேவன்போர்ட் டிரம்ஸுக்கு வந்திருந்தார். புளூம்ஃபீல்டு நம் நாட்டு சங்கீதத்தைக் கேட்டுவிட்டு அமைத்தது. முதலில் குழுவுக்குள் அதை 'ராகா' என்றே அழைத்தார்கள். வழக்கமான பன்னிரண்டு அளவுச் சுற்று கிடையாது. அடியில் ஒரே சுருதி தம்புரா மாதிரி நிற்க, மேலே கிட்டார் உலாவுகிறது. போனில் போட்டுக் கொடுத்தேன். என்ன ராகம் என்று கேட்டார். எந்த ராகமும் இல்லை, ஆனால் ஆலாபனை என்றால் என்ன என்று யாரோ தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தது தெரிகிறது என்றேன். 13 நிமிடமும் பெஞ்சிலிருந்து எழுந்திருக்கவில்லை அவர்.

புளூம்ஃபீல்டு 1981இலும் பட்டர்ஃபீல்டு 1987இலும் போய்ச் சேர்ந்தார்கள், இருவருமே ஐம்பதைத் தொடவில்லை. சாம் லே 2022 வரை இருந்தார்.

நண்பரிடம் அடுத்து கொடுக்க ஒரு தட்டு எடுத்து வைத்திருக்கிறேன். 1969இல் மடி வாட்டர்ஸ் தன் பெயரில் போட்டது. மவுத் ஆர்கனுக்குப் பட்டர்ஃபீல்டு, கிட்டாருக்குப் புளூம்ஃபீல்டு, டிரம்ஸுக்கு சாம் லே. அதன் தலைப்பு 'அப்பாக்களும் பிள்ளைகளும்'.