கண்ணுக்குப் பழசு, காலுக்குப் புதுசு

சனிக்கிழமை காலையில் சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ராயல் என்ஃபீல்டு கூட்டத்துக்கு வழிவிட வேண்டியிருக்கும். பெரும்பாலும் கிளாசிக். 2009ல் வந்த அந்த வண்டியின் தோற்றம் 1950களிலிருந்து எடுத்தது. துளி வடிவ டேங்க், ஸ்பிரிங் வைத்த ஒற்றை சீட், ஹெட்லைட்டுக்கு மேல் புருவம் மாதிரி இரண்டு குட்டி விளக்குகள். உள்ளே மட்டும் புது எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட்.

என் சித்தப்பா ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்தவர். பழைய புல்லட் வைத்திருந்தார். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் பண்ணுவதே ஒரு சடங்கு. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக் கொஞ்சம் இறக்கி, விட்டு, பிறகு ஒரே உதை. கணக்குத் தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும்.

நான் கிளாசிக் வாங்கி மலைக்கு ஓட்டிப் போனபோது டேங்க்கைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்படியே நம்ம வண்டிடா" என்றார். எஸ்டேட் பாதையில் ஓட்டக் கொடுத்தேன். இரண்டாவது கியருக்கு வலது காலை அமுக்கினார். வண்டி பிரேக் பிடித்து நின்றது.

பழையதுதான் உசத்தி என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "பட்டன அமுக்கினா ஓடுது, இதுக்கு மேல என்ன வேணும்? அந்தச் சனியன ராத்திரி மழையில பதினஞ்சாவது வளைவுலேர்ந்து தள்ளிக்கிட்டு வந்திருக்கேன்" என்றார். வண்டியைத் தள்ளாத எனக்குத்தான் ஏக்கம்.

புல்லட் அத்தனை காலம் மாறாமல் இருந்ததற்கு ரசனை காரணம் இல்லை. 1955ல் மெட்ராஸில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது. இங்கிலாந்தின் ரெட்டிச் ஆலை மூடிய பிறகும் திருவொற்றியூரில் ஏறக்குறைய அதே வண்டி வந்துகொண்டிருந்தது. லைசென்ஸ் காலம், போட்டி குறைவு, மாற்ற அவசரமில்லை. அன்றைய தேக்கம் இன்று ஸ்டைல். டேங்க்கில் தூரிகையால் இழுக்கும் தங்கக் கோட்டை மட்டும் நான் இதில் சேர்க்க மாட்டேன். அது பழைய மாதிரி தெரிவதற்காகப் போட்டதல்ல, இன்னும் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை.

என் தொழிலிலும் இது உண்டு. ஐபோன் திரையில் ஒரு காலத்தில் தோல், தையல், மர அலமாரி எல்லாம் இருந்தன. 2013ல் ஐஓஎஸ் 7 வந்து துடைத்துப் போட்டது. நாங்களும் சிரித்தோம். ஆனால் அந்தப் போலிப் பொத்தான், முதல்முறை தொடுகிறவருக்கு 'இங்கே அமுக்கு' என்று சொன்னது. பழைய தோற்றம் அங்கே ஒரு வேலை பார்த்தது. கிளாசிக்கின் தோற்றம் சித்தப்பாவின் காலுக்குச் சொன்னது பொய்.

ஏற்காடு கடைவீதியில் இப்போது காப்பித்தூளும் அப்படித்தான் வருகிறது. பழுப்புத் தாள், மெழுகு முத்திரை மாதிரி வட்டம், ஓட்டுக்கூரை பங்களா. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அந்த வயதைக் கவரில் காட்டத்தான் இத்தனை அலங்காரம். படத்தில் வராந்தா உண்டு, சாய்வு நாற்காலி உண்டு. பழம் பறிக்கிறவர்கள் குடியிருக்கும் லைன் வீடு ஒரு கவரிலும் நான் பார்த்ததில்லை.

ஒரு பாக்கெட்டை சித்தப்பாவிடம் கொடுத்து, "உங்க எஸ்டேட் மாதிரியே இருக்குல்ல?" என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "இது தொரை பங்களா. நாங்க வாசல்ல நின்னு கணக்கு சொல்லிட்டு வந்துடுவோம். உள்ள எப்படி இருக்கும்னு தெரியாது."

சித்தி தூளைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொட்டிக்கொண்டார். காலிக் கவரை நான் மடித்துப் பையில் வைத்தேன். எழுத்துரு அவ்வளவு அழகு.