அந்தக் கடைசி ராத்திரி வாடகை!

அந்தமான்ல ஸ்கூபா டைவிங் பண்ண காசு சேர்த்துட்டு இருக்கீங்களா? ரூம் போடுறதுக்கு முன்னாடி நாங்க அடிச்ச கூத்தைக் கேளுங்க.

ஹேவ்லாக் தீவுக்கு 2018-லிருந்து பேரு ஸ்வராஜ் த்வீப். அங்கே பீச்சுக்கெல்லாம் நம்பர்தான் அடையாளம். ஏழாம் நம்பரான ராதாநகர் பீச் அழகுல மயங்கி, அது பக்கத்துலயே மலிவா ஒரு மூங்கில் குடிசை பிடிச்சோம். டைவிங் கடைகளோ பெரும்பாலும் தீவோட அந்தப் பக்கம், மூணாம் நம்பர், அஞ்சாம் நம்பர் பீச்ல! மிச்சம் பிடிச்ச காசு ஆட்டோவுக்கே போச்சு. அதனால, முதல்ல டைவிங் கடையை முடிவு பண்ணுங்க. அப்புறம் நடக்குற தூரத்துல ரூம் தேடுங்க. ஃபேன், பாத்ரூம், ஈரத்துணி காயப்போட ஒரு கயிறு... போதும்!

அடுத்த கஞ்சத்தனம்தான் விபரீதம். ஒரு ராத்திரி வாடகை மிச்சமாகுமேனு, காலையில டைவ், சாயங்காலமே ஃபிளைட்னு பிளான் போட்டோம். ஃபிளைட் நேரத்தைக் கேட்டதும் பயிற்சியாளர் கறாரா 'முடியாது'ன்னுட்டார். ஆழத்துல உடம்புல கரையுற நைட்ரஜன் மெதுவாத்தான் வெளியேறும். அதுக்குள்ள பறந்தா, காற்றழுத்தம் குறைஞ்சு அது குமிழாகிடும். மூட்டுவலியில ஆரம்பிச்சு பக்கவாதம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம். ஒரே டைவ்னா 12 மணி நேரம், பல டைவ்னா 18 மணி நேரமாவது தரையில இருக்கணும்.

டிக்கெட்டை மாத்தக் கையில காசில்லை. மத்தவங்க படகுல போறதைக் கரையில நின்னு பார்த்துட்டுத் திரும்பினோம்.

இப்போ மறுபடியும் உண்டியல் வெச்சிருக்கேன். முதல்ல சேர்க்குறது அந்தக் கடைசி ராத்திரி வாடகையைத்தான்!