பல்லும் சொல்லும்

மனிதர் வாயில் இறுதியாக முளைக்கும் நான்கு பற்களுக்கு ஞானப்பல் என்று பெயர். ஒருவன் கல்லூரி வாழ்வை முடித்து உலகியலிற் புகும் பருவமாகிய 17 முதல் 25 வரையான வயதிலேயே இவை பெரும்பாலும் வெளிப்படுகின்றன. அப்பருவத்தில் அறிவு முதிரும் என்னும் கருத்தே இப்பெயர்க்குக் காரணம். இலத்தீன் மொழியினர் ஞானத்தின் பற்கள் என்றனர். அரபியர் அறிவின் பல் என்பர். துருக்கியர் இருபது வயதுப் பல் என்று கணக்காகக் கூறுவர். மலாய் மொழியினர்க்கு இது கடைக்குட்டிப் பல், கொரியர்க்குக் காதற்பல். யப்பானியரோ, பெற்றோர் அறியாதது எனப் பொருள்படும் பெயரால் இதனை வழங்குகின்றனர். பெயர்கள் இத்துணை வேறுபடினும், இப்பல் நோவெடுக்கும்போது எல்லா நாட்டினரும் எழுப்பும் ஓசை ஒன்றேயாகும்.

இதனால் இடர் விளைவது ஏன்? முன்வந்த 28 பற்களும் வரிசையாக அமர்ந்தபின், பிந்தி வந்த விருந்தினனுக்குப் பந்தியில் இடமில்லாமற் போவதுண்டு. வன்மையான உணவை மென்று வளர்ந்த மக்களின் தாடை அகன்றிருந்தது என்றும், மென்மையான உணவு பெருகத் தாடை சிறுத்தது என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். புழுக்கொடியல் கடித்து வளர்ந்த எம் பாட்டனாரையும், பாணைத் தேநீரிற் தோய்த்துண்ணும் எம் பிள்ளைகளையும் நோக்கும்போது இக்கருத்து எமக்குப் பொருத்தமாகவே தோன்றுகின்றது. இடம் பெறாத பல் சாய்ந்தோ, கிடையாகவோ, எலும்பினுள் மறைந்தோ நின்றுவிடும். சிலருக்கு இப்பற்கள் உண்டாவதே இல்லை. அவர்களை ஞானமற்றவர் எனக் கருதற்க. நல்லூழ் உடையவர் என்க.

எமது வலப்பக்கக் கீழ்த்தாடையின் ஞானப்பல் இருபது ஆண்டுகளாகப் பாதி முளைத்த நிலையில் அமைதியாக இருந்தது. எமக்கு நாற்பத்து மூன்று வயதானபோது அஃது எம்மோடு பகைத்தது. பாதி முளைத்த பல்லின்மேல் முரசு ஒரு மடல்போலப் படிந்திருக்கும். அதன்கீழ் உணவுத் துகள் தங்கினால் நுண்ணுயிர்கள் பெருகி, முரசு வீங்கி, வாயைத் திறத்தலும் அரிதாகும். அவ்வாரம் சாதாரண தர வகுப்பிற்குச் செய்யுட் பாடம் நடத்தவேண்டியிருந்தது. செய்யுளை ஓசை நயத்தோடு படித்துக் காட்டவேண்டிய ஆசிரியன், வாய் ஒரு விரற்கிடைக்குமேல் திறவாத நிலையில் என் செய்வான்? யாம் கரும்பலகையில் எழுத, மாணவர் படித்தனர்.

எம் இல்லத்தரசியார் கராம்பு இடித்துத் தந்தார். இளஞ்சூடான உப்புநீரால் வாய் கொப்பளித்தோம். கராம்பெண்ணெயிலுள்ள யூஜினோல் என்னும் பொருள் நோவைத் தணிக்க வல்லது. பல் வைத்தியரும் அதனைப் பயன்படுத்துவர். ஆயினும், மடலின்கீழ் இருக்கும் காரணத்தை அது நீக்காது. ஆதலின் வைத்தியரிடம் சென்றோம். அவர் அவ்விடத்தைக் கழுவித் தூய்மை செய்து, நுண்ணுயிர்கொல்லி மாத்திரைகளும் தந்தனரேயன்றிப் பல்லைப் பிடுங்க விரையவில்லை. நோயற்ற ஞானப்பல்லை முற்காப்பாகப் பிடுங்குதல் வேண்டாம் என்றும், முரசின் அழற்சி கடுமையாயினோ மீண்டும் வரினோ அகற்றுதல் தகும் என்றும் 2000ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வகுக்கப்பட்ட நெறியை அவர் எமக்கு எடுத்துரைத்தார். மூன்று திங்களின் பின் வீக்கம் மீண்டும் வந்தது. பல்லுக்குரிய தீர்ப்பும் எழுதப்பட்டது.

எக்ஸ் கதிர்ப் படத்தைச் சுட்டி வைத்தியர் கூறியவை எம்மைக் கலங்கச் செய்தன. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு அண்மையில் ஒரு நரம்பு ஓடுகின்றது. கீழுதட்டிற்கும் நாடிக்கும் உணர்வு தருவது அதுவே. உட்புறத்தில் நாவிற்கு உணர்வு தரும் நரம்பு செல்கின்றது. பல்லை எடுக்கும்போது இவை தாக்குறின் அவ்வுறுப்புகள் விறைத்துப்போம். அஃது எல்லோர்க்கும் நேர்வதன்று. நேரினும் பெரும்பாலும் சில கிழமைகளில் அல்லது திங்களில் மாறிவிடும். மிகச் சிலர்க்கே நிலைத்துவிடும். வயது ஏற ஏற எலும்பு இறுகுவதால், இளையோரினும் நடுவயதினர்க்கு இச்சிகிச்சை சற்றுக் கடினமாகும்.

"பல் போனால் சொல் போச்சு" என்னும் பழமொழி எம் செவியில் ஒலித்தது. பல், இதழ், நா ஆகியவற்றை எழுத்தொலியின் பிறப்பிற்குரிய உறுப்புகளுள் வைத்துத் தொல்காப்பியர் கூறியதை ஆசிரிய கலாசாலையிற் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு பயின்றவர் யாம். ழகரம் பிழைக்கும் தமிழாசிரியனை எவர் மதிப்பர்? எம் அச்சத்தை வைத்தியரிடம் கூறினோம். அவர், "ஐயா, அவை உணர்வு நரம்புகள். நாவை அசைக்கும் நரம்பு வேறு, அதற்கும் இப்பல்லுக்கும் தொடர்பில்லை" என்றார். யாமும் சிந்தித்துப் பார்த்தோம். தகரத்திற்கும் வகரத்திற்கும் வேண்டப்படுவன முன்பற்கள்; ஞானப்பல் எந்த எழுத்திற்கும் உதவுவதன்று. இலக்கணம் தந்த துணிவோடு கையொப்பமிட்டோம்.

விறைக்கும் ஊசியில் இருந்த மருந்து லிக்னோகெயின். சுவீடன் நாட்டு வேதியியலாளர் லோஃப்கிரென் 1943இல் ஆக்கியது. அதன் அருளால் அழுத்தமும் கருவியின் இரைச்சலும் தெரிந்தனவேயன்றி நோவு தெரியவில்லை. சிறிது எலும்பை அகற்றி, பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையலிட்டனர். ஒரு நாள் முழுதும் கொப்பளித்தலாகாது. உறிஞ்சிக் குடித்தலும் புகைத்தலும் ஆகா. குழியில் உறைந்த குருதியே புண்ணுக்குக் காப்பு என்று அறிவுறுத்தினர்.

மாலைக்குள் நாவின் உணர்வு மீண்டது. கீழுதட்டின் வலப்பாதியோ மீளவில்லை. கண்ணாடியின் முன் நின்று நெடுங்கணக்கை ஒப்பித்தோம். ழகரம் பழுதின்றி வந்தது; பகரமும் மகரமும் வகரமும் உதடு இருக்குமிடம் அறியாது தடுமாறின. ஐந்து நாட்களின் பின் வகுப்பிற்குச் சென்றபோதும் அந்நிலை மாறவில்லை. ஆதலின் ஒவ்வொரு சீரையும் நிறுத்தி, உதட்டைக் கருத்தோடு குவித்துப் படித்தோம். மாணவர் நகைப்பர் என்றே எதிர்பார்த்தோம். பாடம் முடிந்தபின் பின்வரிசை மாணவன் ஒருவன் அருகில் வந்து, "ஐயா, நீங்கள் இப்படி ஆறுதலாகப் படித்தால் எனக்கு விளங்குகிறது" என்றான். அவன் அவ்வாண்டில் எம்மிடம் தானாக வந்து பேசியது அதுவே முதன்முறை.

ஆறாம் கிழமையில் உதட்டில் எறும்பு ஊர்வது போன்ற உணர்வு தோன்றி, மெல்ல மெல்ல முழுமையும் மீண்டது. இன்று பகரம் எமக்கு ஏவல் செய்கின்றது. ஆயினும் செய்யுள் படிக்கும் வேகம் அந்த ஆறு கிழமைகளில் இருந்தபடியே இருக்கின்றது. அதனை மாற்ற யாம் விரும்பவில்லை.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களே! உங்களுக்கு இப்பற்கள் முளைக்கும் காலம் இதுவே. நோவில்லாப் பல்லைக் கண்டு அஞ்சற்க. நோவு திரும்பத் திரும்ப வரின் கராம்பை மட்டும் நம்பியிருத்தல் வேண்டா. வைத்தியரிடம் நரம்பின் நிலையைக் கேட்டறிந்து, அதன்பின் கையொப்பமிடுக. பழைய மாணவர்களாகிய அன்பர்கள் கல்லூரிக்கு வரும்போது எம் வகுப்பிற்கும் வருக. பின்வரிசையிலும் கேட்கும்படி ஆறுதலாகவே படித்துக் காட்டுவோம்.